கேளுங்கள், தூண்டில் போடுகிறேன்!

கே: மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் தூண்டில் போட நல்ல இடம் எது? (சான் டியேகோ வாசகர்)

ப: பஹியா தே லோஸ் ஆன்ஹெலெஸ். வேறு பேச்சே கிடையாது! உங்கள் ஊரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 650 கி.மீ. பின்னால் பாலைவன மலை, முன்னால் கார்டெஸ் கடல், நடுவில் சின்னதாக ஓர் ஊர். விடியற்காலை கிளம்பினால் இருட்டுவதற்குள் சேரலாம்.

கே: இருட்டினால்தான் என்ன? இரவில் ஓட்டினால் வெயில் இருக்காதே! (ஃப்ரீமான்ட் வாசகர்)

ப: வெயில் இருக்காது, மாடு இருக்கும். பகலெல்லாம் சூடேறிய தார்ச்சாலையில் இரவு வந்து நிற்பது அந்த ஊர் மாடுகளின் வழக்கம். மாடு உங்களைப் பார்க்கும். நீங்கள் மாட்டைப் பார்க்க மாட்டீர்கள். 1973-இல் திறந்த பாஹா நெடுஞ்சாலை பல இடங்களில் இரண்டே தடம். ஒதுங்க ஓரம் இல்லை, எதிரே லாரி. இரவில் பாஹாவில் வண்டி ஓட்டுபவரோடு நான் டீகூடக் குடிக்க மாட்டேன்.

கே: பெட்ரோல்? (இர்வைன் வாசகர்)

ப: இந்தப் பகுதியில் நான் ஓயாமல் சொல்வது இதைத்தான். வழியில் எல் ரொசாரியோ என்ற ஊரில் டேங்கை நிரப்புங்கள்! பாதி இருந்தாலும் நிரப்புங்கள், முக்கால் இருந்தாலும் நிரப்புங்கள். நெடுஞ்சாலையில் அடுத்த நிரந்தர பங்க் வர 300 கி.மீ. தாண்ட வேண்டும். நடுவே காட்டவீனா என்ற இடத்தில் டிரம்மில் வைத்து விற்பார்கள். அவர்கள் சொல்வதுதான் விலை.

கே: போன் சிக்னல் கிடைக்குமா? (கோவை வாசகர்)

ப: வழியில் பெரும்பாலும் கிடைக்காது. வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கே: வழியெல்லாம் வெறும் பாலைவனம்தானே? பிள்ளைகளுக்கு போரடிக்காதா? (சான் ஹோசே வாசகர்)

ப: வெறும் பாலைவனமா! காட்டவீனாவில் வீடு உயரப் பாறைகளை யாரோ கூடையிலிருந்து கொட்டிவிட்டுப் போனதுபோல் கிடக்கும். பாறைகளுக்கு நடுவே சீரியோ மரங்கள். தலைகீழாக நட்ட முள்ளங்கிக்குக் கிறுக்குப் பிடித்து ஐந்து மாடி உயரம் வளர்ந்தால் எப்படி இருக்கும்? அதுதான் சீரியோ! உடம்பெல்லாம் குச்சி குச்சியாகக் கிளை. மழை பெய்தால் தளிர்க்கும், காய்ந்தால் இலையை உதிர்த்துவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கும். எதிர்க்கரையில் சொனோராவில் கொஞ்சம் உண்டு. மற்றபடி உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. பக்கத்திலேயே கார்டோன் நிற்கும். கள்ளி இனத்தில் அதைவிட உயரமானது கிடையாது. பிள்ளைகள் கையிலிருந்து டேப்லெட்டை வாங்கி வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

கே: பாலைவனத்தை ஒட்டிய கடலில் அவ்வளவு மீன் எப்படி? (மதுரை வாசகர்)

ப: அருமையான கேள்வி! ஊருக்கு எதிரே ஆன்ஹெல் தே லா குவார்தா என்ற பெரிய தீவு. தீவுக்கும் கரைக்கும் நடுவே ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழமான கால்வாய். கடல் ஏறும்போதும் வற்றும்போதும் தண்ணீர் அதற்குள் புகுந்து கலக்குகிற கலக்கில், அடியில் கிடக்கும் குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலே வந்துவிடும். அதில் மிதவை உயிர்கள் பெருகும். அவற்றைத் தின்னச் சாளை, சாளையைத் தின்ன யெல்லோ டெயில், யெல்லோ டெயிலைத் தின்ன நாம்! கோடையிலும் இலையுதிர்காலத்திலும் திமிங்கலச் சுறாவும் வந்துவிடும். மலை முழுக்கக் காய்ந்து கிடக்க, கடலுக்குள் தினமும் விருந்து.

கே: யெல்லோ டெயிலைப் பிடிப்பது எப்படி? (சென்னை வாசகர்)

ப: ஜிக் என்ற கனமான இரும்புப் போலி இரையை அடித்தரை வரை இறக்குங்கள். தரை தட்டியதும் ரீலை வெறிபிடித்தாற்போல் சுற்றுங்கள். நடுவழியில் ஒரு வெட்டு! ராடு படகின் விளிம்பில் மடங்கும். மீன் நேராகப் பாறைக்குத்தான் ஓடும். பாறையில் தங்கூசி உரசினால் கதை முடிந்தது. ஆகவே முதல் அரை நிமிடம் விட்டுக்கொடுக்காதீர்கள். படகோட்டி சொல்வதைக் கேளுங்கள். எந்தப் பாறை எங்கே என்று அவருக்குத் தெரியும்.

கே: இரால் பிடிக்கலாமா? (திருநெல்வேலி வாசகர்)

ப: கூடாது. சட்டப்படி அது அந்த ஊர் மீனவர்களுக்கு உரியது.

கே: டொட்டோவாபா என்ற மீனை ஏன் பிடிக்கக் கூடாது என்கிறார்கள்? ஒன்றே ஒன்று பிடித்தால் குடிமுழுகிவிடுமா? (ராமநாதபுரம் வாசகர்)

ப: ஆம், முழுகிவிடும். நம் கத்தாளையின் உறவு அது. இரண்டு மீட்டர் வரை வளரும். அதன் காற்றுப்பைக்குச் சீனாவில் கொட்டிக்கொடுக்கிறார்கள். மெக்சிகோ 1975-லேயே அதைப் பிடிக்கத் தடை போட்டது. கள்ள வலை நிற்கவில்லை. கார்டெஸ் கடலின் வடகோடியில் விரிக்கும் அந்த வலைகளில் வக்கீட்டா சிக்குகிறது. கடற்பன்றி இனத்திலேயே மிகச் சிறியது அது. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய பிராணி, வலைக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகிறது. உலகத்தில் இன்று ஏறத்தாழ பத்தே பத்துதான் மிச்சம். டொட்டோவாபா உங்கள் தூண்டிலில் மாட்டினால் தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். யாராவது காற்றுப்பை விற்க வந்தால் தொடாதீர்கள்.

கே: நாங்கள் நான்கு பேர். ஐஸ்பெட்டி இரண்டு போதுமா? (சாக்ரமென்டோ வாசகர்)

ப: ஒன்றே தாராளம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 மீன், அதிலும் ஒரே இனத்தில் 5 என்பது சட்டத்தின் உச்சவரம்பு. அதை எட்டியே தீருவேன் என்று கிளம்பாதீர்கள்! அன்று சமைக்கிற அளவு போக மிச்சத்தைக் கடலில் விடுங்கள். படகேறும் எல்லோருக்கும் மீன்பிடி உரிமம் எடுங்கள். அமெரிக்கக் காப்பீட்டை நம்பாமல் காருக்கு மெக்சிகோ காப்பீடு எடுங்கள். இரண்டாவது பெட்டி நிறையக் குடிதண்ணீர் ஏற்றுங்கள்.