மாமாக்களுக்கான செஸ் பயிற்சிக் கையேடு

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதிலிருந்து, பரணில் கிடந்த செஸ் போர்டை இறக்கித் தூசி தட்டிய மாமாக்கள் தமிழ்நாட்டில் ஏராளம். ஆட்டமும் தேற வேண்டும், முகத்தில் சிரிப்பும் மிஞ்ச வேண்டும் என்று நினைக்கும் அவர்களுக்காகவே இந்தக் கையேடு.

முதலில் எதிராளி. சென்னைவாசிகள் குழந்தைகளோடு ஆடவே கூடாது. பத்து வயதில் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆன பிரக்ஞானந்தாவின் ஊர் இது. பக்கத்து பிளாட்டின் மூன்றாம் வகுப்புச் சிறுமி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நீங்கள் குதிரையைத் தூக்கி, யோசித்து, பழைய இடத்திலேயே வைத்தால், "அங்கிள், காயைத் தொட்டுட்டீங்க" என்பாள். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது விதி. அவள் அம்மா காபி ஆற்றிக் கொண்டுவருவதற்குள் உங்கள் ராணி போயிருக்கும். மைத்துனரும் வேண்டாம். ஒருமுறை ஜெயித்தால் ஏழு கல்யாணங்களில் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

பொருத்தமான ஆளைக் கண்டுபிடிக்க, ஆர்பட் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்த ரேட்டிங் கணக்கு இருக்கிறது. உங்களைவிட 200 புள்ளி அதிகம் உள்ளவரோடு ஆடினால், சராசரியாக நான்கு ஆட்டத்துக்கு ஒரு வெற்றிப் புள்ளி தேறும். 400 அதிகமென்றால் பதினோரு ஆட்டத்துக்கு ஒன்று. மூன்று உதைக்கு ஒரு லட்டு என்பது மனித மனம் தாங்கக்கூடிய விகிதம். பத்து உதைக்கு ஒன்று என்றால் போர்டு மறுபடி பரணுக்குப் போய்விடும்.

அடுத்து ஓப்பனிங். ஃபிஷரும் காஸ்பரோவும் ஆடியது என்பதற்காக சிசிலியன் நாஜ்டார்ஃபை இருபது நகர்த்தல் வரை உருப்போடுங்கள். பூங்கா பெஞ்சு எதிராளி இரண்டாவது நகர்த்தலிலேயே ராணியை நடுவீதிக்கு அழைத்து வந்துவிடுவார். புத்தகத்தில் அதற்குப் பதில் இருக்காது. மூன்று வாரப் படிப்பும் அத்தோடு சரி.

கடைசிக்கட்ட ஆட்டத்தை யாரும் கற்பதில்லை. போர்டில் காய் குறைந்தால் சுவாரஸ்யமும் குறைந்துவிட்டதாக எண்ணம். முன்னாள் உலக சாம்பியன் காபபிளாங்கா அதைத்தான் முதலில் படிக்கச் சொன்னார். சிங்கப்பூரில் நடந்ததையே பாருங்கள். பதினான்காவது ஆட்டம் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 55-ஆவது நகர்த்தலில் குகேஷின் எதிராளி டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். அதனால் யானைகளும் மந்திரிகளும் வெட்டுப்பட்டுப் போக, மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும். அதில் குகேஷுக்கு இரண்டு சிப்பாய், அவருக்கு ஒன்று. 58-ஆவது நகர்த்தலில் மகுடம் கைமாறியது. எந்தச் சிப்பாய் கரையேறும் என்று தினம் பத்து நிமிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள். உண்மையில் இது புதிர்க் கணக்கு மாதிரி ருசியாகவே இருக்கும், வெளியில் சொல்லாதீர்கள்.

பயிற்சிக்கு அமைதி வேண்டும் என்பவர்கள் முன்னாள் உலக சாம்பியன் போட்வின்னிக்கை நினைத்துக்கொள்ளலாம். சிகரெட் புகை ஆகாத அந்த மனிதர், நண்பர் ரகோஸினைத் தம் முகத்தில் புகைவிடச் சொல்லியே பயிற்சி ஆட்டங்கள் ஆடினார். உங்கள் வீட்டில் சீரியலும் மிக்ஸியும் அந்தச் சேவையைச் செலவில்லாமல் செய்கின்றன.

இனி, கெட்ட பழக்கம். இரவு பதினொன்றுக்குப் படுத்தபடியே போனில் ஒரு நிமிட ஆட்டம். தோற்றதும் கட்டைவிரல் தானாக 'மீண்டும்' பட்டனுக்குப் போகும். "கடைசியா ஒண்ணு" என்று நாற்பது ஆட்டம். அதில் வளர்வது கட்டைவிரல் மட்டும்தான். ஒரே தப்பை நாற்பது தரம் செய்துவிட்டு அதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்கிறோம்.

அதற்குப் பதில், வாரத்தில் ஒரு நாள் எதிரே ஆளை உட்கார வைத்து, ஒரு மணி நேர ஆட்டம் ஒன்று. நகர்த்தல்களை எழுதிக்கொள்ளுங்கள். முடிந்ததும் போர்டைக் கலைக்காமல், "மந்திரியை ஏன் அங்கே வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். ஜெயித்தவர் பேசுவதற்காகவே காத்திருப்பார். பேசப் பேச, நீங்கள் நடுங்கிய மிரட்டலை அவர் பார்க்கவே இல்லை என்பது தெரியவரும். தோற்றவனுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது. அடுத்த ஆட்டத்துக்கு இதைவிட நல்ல பாடமும் கிடையாது.

அந்த நேரத்தில் கம்ப்யூட்டரை மட்டும் திறக்க வேண்டாம். இருவரும் தலையாட்டி மெச்சிக்கொண்ட அந்த யானைப் பலியை, ஒரே நொடியில் அது 'படுமோசம்' என்று சொல்லிவிடும். மறுநாள் காலை, தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு பார்த்துக்கொள்ளலாம்.