சுழி பாத்து வாங்குலே, பேராண்டி

ஏலே பேராண்டி, இங்க வா. செல்போனைக் கவுத்து வச்சுட்டு உக்காரு. 3060-ஆ, 4060-ஆன்னு ராத்திரி ராத்திரியா மாடியில நீயும் உன் அறைக் கூட்டாளியும் மோதிக்கிடுதது கீழ எனக்குக் கேக்காமயா இருக்கும்? கலெக்டர் பரீட்சைக்குப் படிக்கக் கரோல் பாக் வந்த பிள்ளைக, அரசியல் சட்டத்து ஷரத்து நம்பரைச் சொல்லித்தான் சண்டை போடுதுன்னு நினைச்சு முதல்ல பெருமைப்பட்டுட்டேன். பெறகுதான் தெரிஞ்சுது, கிராபிக்ஸ் கார்டு!

பூகோளம் படிக்கணும், ஆறு ஓடுதது தத்ரூபமாத் தெரியணும்னு உங்கப்பாகிட்டச் சொன்னியாமே. நல்ல காரணந்தான். ஆத்தங்கரையில துப்பாக்கியோட எவனாவது நின்னா அவனையும் பாடத்துல சேத்துக்கோ.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. கரிசக்காட்டுலருந்து சர்க்கார் குமாஸ்தாவா டில்லிக்கு வந்து, அந்தக் காலத்துத் தமிழாளுக வழியிலயே கரோல் பாக்குல ஒண்டி, பூசா ரோட்டுத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல பிள்ளைகளைப் படிக்க வச்சவன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் விக்கிதவன் மூஞ்சி. கஃபார் மார்க்கெட்டுல விலை பேசிப் பேசியே தலை நரைச்சுது. எல்லை காந்தி பேரை வச்ச சந்தை அது. அவரு சத்தியத்துக்குப் பேர் போனவரு. அதுக்காகக் கடையில இருக்க ஒவ்வொரு டப்பாவும் சத்தியம் பேசும்னு நினைச்சுறாத.

மேலப்பாளையம் சந்தையில மாட்டைப் பேரு கேட்டு எவனாவது வாங்குவானா? பல்லைப் பாப்பான், சுழியைப் பாப்பான், நடக்க விட்டுப் பாப்பான். நீ பேரைக் கேட்டு வாங்கப் போற. என்விடியா கம்பெனிக்காரன் ஆர்டிஎக்ஸ் 3060-ன்னு 2021-ல விட்டது 12 ஜி.பி. கார்டு. அதே பேருல 2022 கடைசியில 8 ஜி.பி.ன்னு இன்னொண்ணு வந்துச்சு. மெமரி குறைஞ்சதோட போகல. மெமரிக்குப் போற பாதையையும் 192 பிட்டுலருந்து 128 பிட்டாச் சுருக்கிட்டான். நொடிக்கு 360 ஜி.பி. ஓடின எடத்துல 240 ஜி.பி. கடைக்காரன் "ரெண்டும் 3060-தான் பாய்சாப்"பும்பான். அவன் பொய் சொல்லல, நீதான் பாதியில கேள்வியை நிறுத்திட்ட.

அதுக்கு முந்தி ஜிடி 1030-ன்னு ஒண்ணு வந்துது. 2017-ல வந்ததுல ஜிடிடிஆர்5 மெமரி, நொடிக்கு 48 ஜி.பி. மறுவருசம் அதே பேருல டிடிஆர்4 மெமரி போட்டு வந்ததுல 17 ஜி.பி.கூடத் தேறல. டப்பாவைப் பாத்தா அண்ணன் தம்பி. ஓட விட்டாத்தான் தெரியும் யாரு யாருன்னு.

சரி, உன் சண்டைக்கு வருவோம். 3060-ல 3584 கோர், 12 ஜி.பி., 170 வாட்டு. 2023-ல வந்த 4060-ல 3072 கோர், 8 ஜி.பி., 115 வாட்டு, மெமரி ஓட்டம் 272 ஜி.பி. கணக்குப் போட்டா எல்லாத்துலயும் 3060-தான் பெருசு. உன் கூட்டாளி அதைத்தானே கத்துதான்? ஆனா பெரும்பாலான விளையாட்டுல 4060-தான் முந்துது. ஏன்? கடிகார வேகம் கூட. அந்தச் சிப்புக்குள்ளயே 24 எம்.பி. கேஷ் வச்சிருக்கான், 3060-ல அது 3 எம்.பி.தான். அடிக்கடி வேணுங்கிறதைக் கைக்கெட்டுத எடத்துலயே வச்சுக்கிட்டதால வெளிய இருக்க மெமரிக்கு நடை குறைஞ்சு போச்சு. அதனால கோர் எண்ணிக்கை பெரிசுன்னு மார்தட்டாத. அதுலயும் ஏஎம்டி கோரையும் என்விடியா கோரையும் எண்ணி ஒப்பிடுதவன்கிட்டப் பேச்சே வச்சுக்கிடாத.

உடனே நீ மீசையை முறுக்காத. விளையாட்டு 8 ஜி.பி.க்கு மேல மெமரி கேட்டுச்சுன்னா 4060 திக்க ஆரம்பிக்கும். அப்ப 12 ஜி.பி.க்காரன் நிதானமாத் தாண்டிப் போயிருவான். போதாக்குறைக்கு 4060 மதர்போர்டுகூடப் பேசுதது எட்டு லேன்லதான். உன்னுது பிசிஐஇ 3.0 போட்ட பழைய போர்டுன்னா அந்த நேரத்துல இன்னும் மூச்சுத் திணறும்.

பெஞ்ச்மார்க் படம் காட்டுதியே, கலர் கலராக் கோடு போட்டு, அதுக்கும் ஒரு கதை இருக்கு. 2001-ல ஏடிஐ கம்பெனி ரேடியான் 8500-ன்னு ஒரு கார்டு விட்டுது. குவேக் 3 விளையாட்டுல வேகம் காட்டிச்சு. சில குறும்புக்காரனுக அந்த விளையாட்டோட பேரை மட்டும் 'குவாக்'னு மாத்தி ஓட்டினானுக. வேகம் குறைஞ்சுபோச்சு, படம் தெளிவாயிருச்சு! டிரைவர், பேரைப் பாத்துப் பரீட்சைன்னு தெரிஞ்சுக்கிட்டுப் படத்தோட தரத்தைக் குறைச்சு ஓடிருக்கு. 2003-ல என்விடியா டிரைவரும் 3டிமார்க் 03 சோதனையில இப்படிக் குறுக்கு வழி போகுதுன்னு, அந்தச் சோதனையைச் செஞ்ச ஃபியூச்சர்மார்க்கே சொல்லிச்சு. மாதிரி வினாத்தாளை மனப்பாடம் பண்ணுத உனக்கு இதை வெளக்கணுமாக்கும்?

அதனால சராசரி பிரேமை மட்டும் பாக்காத. கடைசி நூத்துல ஒரு பங்கு எவ்வளவுன்னு பாரு. சராசரி நூறு இருந்து, சுடுத நேரத்துல இருபதுக்கு இறங்கிச்சுன்னா நீ செத்தபெறகுதான் சராசரி உனக்கு மாலை போடும். அப்புறம் உன் மானிட்டரு என்ன ஹெர்ட்ஸு? அறுபதுதானே? கார்டு நொடிக்கு 120 படம் வரைஞ்சாலும் அது காட்டுதது அறுபது. மிச்சத்தை யாரு பாக்கப் போறா?

பழசு வாங்கலாம்னு மண்டி ஹவுஸ்ல மெட்ரோ மாறி நேரு பிளேஸ் போவ. போ. ஆனா ஞாயித்துக்கிழமை போயி அடைச்ச கடையைப் பாத்துட்டு வராத. 2022 செப்டம்பர்ல எத்தீரியம் நாணயம் தோண்டுத முறையை நிறுத்தினபெறகு, அதைத் தோண்ட ராப்பகலா உழைச்ச கார்டெல்லாம் மூஞ்சி கழுவிட்டுச் சந்தைக்கு வந்துது. ஃபேனைச் சுத்த விட்டுக் காது குடுத்துக் கேளு. ஜிபியு-இசட்னு ஓசிப் புரோகிராம் ஒண்ணு இருக்கு. பழைய என்விடியா சிப்புக்குப் புதுப் பேரு எழுதி ஏமாத்திருந்தா அதைக் காட்டிக் குடுத்துரும். பில்லு இல்லாம வாங்கினா 18 சதவீதம் ஜிஎஸ்டி மிச்சம்னு சிரிப்ப. வாரண்டி கேட்டுப் போறப்ப கடைக்காரன் சிரிப்பான்.

இன்னொண்ணு. மே மாசத்து டில்லியில உன் மாடி அறை ஏற்கெனவே அடுப்பு. கார்டு தின்னுத கரண்டெல்லாம் சூடாத்தான் வெளிய வரும். ரெண்டுக்கும் 55 வாட்டு வித்தியாசம். தெனம் அஞ்சு மணி நேரம் முழு மூச்சா விளையாடினா மாசத்துக்கு எட்டு யூனிட்டுக்கு மேல. உன் சப்-மீட்டர் என் கையில இருக்கு. நியாயமாப் பாத்தா உன் வீட்டுக்காரன் நான், 3060-ஐத்தான் சிபாரிசு பண்ணணும்.

ஆனாலும் ஊர்க்காரப் பையனாப் போயிட்ட, உண்மையைச் சொல்லுதேன். விளையாட மட்டும்னா 4060. பிளெண்டர்ல படம் செய்ய, வீட்டுலயே ஏ.ஐ. ஓட்டிப் பாக்கன்னா 12 ஜி.பி. 3060. 8 ஜி.பி. 3060-ஐக் காட்டினா, காசைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு எறங்கி வந்துரு. கோச்சிங் வீடியோ பாக்கத்தான்னா பிராசஸருக்குள்ள இருக்க கிராபிக்ஸே தாராளம், ஒத்தப் பைசா வேண்டாம்.

உங்கப்பாகிட்ட இந்தக் கோரு, பிட்டு, கேஷ் கதையெல்லாம் அளக்காத. அவரு வச்சிருக்க பெஞ்ச்மார்க் ஒண்ணே ஒண்ணு, பிரிலிமினரி ரிசல்ட்டு. அதுக்குக் குறுக்கு வழி போற டிரைவரை இன்னும் எந்தக் கம்பெனிக்காரனும் எழுதல.