உருளாத உருட்டு

கேள்வி: பள்ளி பேண்டில் சைடு டிரம் வாசிக்கிறான் என் மகன். 'ரோல்' அடிக்கச் சொன்னால் கட்டைவண்டிச் சத்தம்தான் வருகிறது. என்ன செய்யலாம்? (வாசகர், திருவண்ணாமலை)

பதில்: குச்சியின் கழுத்தை நெரிக்காமல் இருக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் பிடிக்கட்டும். மற்றவை சும்மா அணைத்தால் போதும். அடித்த குச்சி தானே ஒருமுறை துள்ளும். அந்தத் துள்ளல்தான் இரண்டாவது அடி. வலம் வலம், இடம் இடம். முதலில் நிதானமாக, பிறகு இரட்டிப்பாக. அண்ணாமலையார் கோயிலில் தவில் வாசிப்பவரைக் கேளுங்கள். அவரும் முதல் காலத்தில் ஆரம்பித்துத்தான் மூன்றாம் காலத்துக்கு வந்திருப்பார். இடது கை சோம்பேறி, அதற்கு இரண்டு மடங்கு வேலை கொடுங்கள்.

டிரம்மின் அடித்தோலை ஒட்டி ஓடும் கம்பிச் சரம் இருக்கிறதே, அது பெரிய கள்ளன். சரசரத்துத் தப்பையெல்லாம் மூடிவிடும். பயிற்சியில் அதைத் தளர்த்திவிட்டால் எந்தக் கை திருடுகிறது என்று தெரியும். டிரம் வீட்டில் இல்லையென்றால் பழைய ரப்பர் செருப்பைக் கவிழ்த்துத் தட்டலாம். டிரம்மே இருந்தால், பக்கத்து வீட்டார் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகும் பௌர்ணமி இரவாகப் பார்த்து ஆரம்பியுங்கள்.