கட்டபொம்மனுக்கு ஒரு டம்ளர் கோகோ

போன வாரம் அக்கா மகன் முகத்துவாரக்குப்பத்துக்கு ஒரு பாக்கெட்டோடு வந்தான். வறுக்காத கோகோ விதை. "ஆயா, வாயில போட்டு மெல்லு. பிரஷர் இறங்கும்." இறால் கூடை தூக்கியே எழுபதைத் தாண்டிய ஆயா ஒரு கடி கடித்தார். "இன்னாடா இது, வேப்பங்கொட்டை கணக்கா கீது!" த்தூ.

ஆயா துப்பியதைக் கொலம்பஸ் கண்டுகொள்ளக்கூட இல்லை. 1502இல் ஹோண்டுராஸ் பக்கம் ஒரு மாயா படகை மடக்கிச் சரக்கைப் பார்த்தார். (கடலில் படகை மடக்குவது அப்போதே உண்டு.) உள்ளே ஏதோ வாதுமை மாதிரி கொட்டை. ஒன்று கீழே விழுந்தால், கண்ணே கழன்று விழுந்தாற்போல் படகுக்காரர்கள் குனிந்து பொறுக்கினார்களாம். அவர் மகன் எழுதி வைத்திருக்கிறார். அங்கே அதுதான் சில்லறைக்காசு. கொலம்பஸ் தங்கத்தைத் தேடிப் போய்விட்டார்.

பிறகு வந்த ஸ்பெயின் வைத்தியர்கள் அதைக் குடித்துப் பார்த்துவிட்டுச் சண்டை போட்டார்கள்: கோகோ சூடா, குளிர்ச்சியா? பெரும்பாலோர் குளிர்ச்சி என்றார்கள். மிளகாய் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். அதாவது எங்க ஆயா வைத்தியம், லத்தீனில்.

நம்ம ஊர்க் கதை 1798இல் தொடங்குகிறது. டச்சுக்காரர்களிடமிருந்து ஆம்பாய்னா தீவைப் பிடுங்கி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிடுங்கின வீட்டுத் தோட்டத்தையும் விடமாட்டார்களே! கோகோ கன்று குற்றாலத்துக்கு வந்தது. இந்தியாவில் அது முதலில் வேர்விட்டது அங்கேதான்.

அதே வருஷம், வரி பாக்கிக்காகப் பாளையக்காரர் கட்டபொம்மனைக் கலெக்டர் ஜாக்சன் துரை கூப்பிட்டனுப்பினார். கட்டபொம்மன் குற்றாலத்துக்குப் போனால், இங்கே பார்க்க முடியாது என்று பதில். சொக்கம்பட்டி, சிவகிரி என்று துரை முன்னே போக, பாளையக்காரர் பின்னே போக, செப்டம்பரில் ராமநாதபுரத்தில்தான் பேட்டி. அதுவும் நிற்க வைத்து. பட்டா மாற்ற அலைந்தவர்களுக்கு அந்தக் கொதிப்பு புரியும். கைகலப்பாகி கம்பெனியின் லெப்டினன்ட் கிளார்க் செத்துப்போனார்.

ஜில்லாவுக்கே ரத்தக்கொதிப்பை ஏற்றியது கம்பெனி; அதை இறக்கும் மரத்தை நட்டதும் கம்பெனி. துரை ஒரு டம்ளர் கலக்கிக் கொடுத்திருந்தால், 1959இல் வந்த கட்டபொம்மன் படத்தில் சிவாஜிக்கு வசனமே இருந்திருக்காது.

விளையாட்டில்லை. கோகோவிலுள்ள ஃபிளேவனால் ரத்தக்குழாயைக் கொஞ்சம் தளர்த்தும். பிரஷர் சிறிதளவு இறங்கும். அமெரிக்காவில் 21,442 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2022இல் வந்தது. தினம் 500 மில்லிகிராம் ஃபிளேவனால். மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் உறுதியான பலன் இல்லை. இதயநோய்ச் சாவு மட்டும் 27 சதவீதம் குறைவு. ஆனால் அவர்கள் விழுங்கியது மாத்திரை. கொட்டையை யாரும் மெல்லவில்லை.

வறுத்தால் ஃபிளேவனால் குறையும், வாஸ்தவம். வறுக்காவிட்டால் கிருமி சாகாது, அதுவும் வாஸ்தவம். 'பச்சை' என்று விற்பதும் பெரும்பாலும் குவியலில் புளித்து, ஐம்பது டிகிரி வரை வெந்து வந்த சரக்குதான். இதெல்லாம் பாக்கெட்டின் பின்பக்கத்தில் இருக்காது.

ஆயாவுக்கு இதில் எதுவும் ஏறவில்லை. "கொட்டை இருந்தா பழம் இருக்கணுமே. அது எங்க?"

இருக்கிறது. விதையைச் சுற்றி வெள்ளையாக, சீத்தாப்பழம் மாதிரி, இனிப்பும் புளிப்புமாகச் சதை. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் காய்த்துத் தொங்குகிறது; அணில் காயைக் குடைந்து சதையைத் தின்றுவிட்டுப் போகிறது என்றேன்.

"அதான் அணிலுக்குப் பிரஷர் இல்ல" என்று பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார்.