உள்வீதி சுற்றும் மாமா

தை மாதம், காலை எட்டரை மணி. வெளியே சைபருக்குக் கீழே 16 பாகை. காற்றையும் சேர்த்தால் 25 என்கிறது வானொலி. மாமா உடுக்கத் தொடங்கி இருபது நிமிடமாகிறது. தெர்மல், அதன்மேல் பெனியன், சேட்டு, மாமி பின்னிய கம்பளிச் சட்டை, மப்ளர், இரண்டு சோடி கால்மேஸ், முழங்காலைத் தொடும் ஜக்கெற், காதை மூடும் தொப்பி. எல்லாம் ஏறிய பிறகுதான் சப்பாத்து. இவ்வளவையும் போட்டுக்கொண்டு குனிய முடியாது என்பது ஒவ்வொரு நாளும் அவருக்குப் புதுச் செய்தி. பேரன் வந்து கயிறு கட்டிவிடுவான். "இதிலேயே பாதி எக்சர்சைஸ் முடிஞ்சுது" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கதவைத் திறப்பார்.

ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு இவரைத் தெரியாமல் இருக்காது. நான் சொல்வது ஓர் ஆளையல்ல, பத்துப் பதினைந்து மாமாக்களைச் சேர்த்துப் பிசைந்த உருண்டையை. பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து வந்தவர். சீனி கொஞ்சம், பிறசர் கொஞ்சம், அரசியல் நிறைய. ஊரில் தபாற்கந்தோரிலோ பள்ளிக்கூடத்திலோ உத்தியோகம் பார்த்தவர். நாலு வீடு தள்ளியிருந்த சந்திக் கடைக்கும் சைக்கிளில் போனவர். நடை என்றொரு சாமான் உலகத்தில் இருப்பதைக் கனடாவுக்கு வந்துதான், அதுவும் ஸ்நோ கொட்டத் தொடங்கிய பிறகுதான் கண்டுபிடித்தார்.

வந்த முதல் வருடம் றோட்டில்தான் நடந்து பார்த்தார். கறுப்பு ஐஸ் என்று ஒன்று இருக்கிறது. கறுப்பே இல்லை, கண்ணாடி மாதிரி மெல்லிய படலம். கீழே இருக்கிற தார் தெரிவதால் வெறும் ஈர றோட்டு என்று நம்பிக் காலை வைப்போம். மாமாவும் வைத்தார். அந்தச் சம்பவத்தைப் பற்றி யாராவது கேட்டால் இன்றைக்கும் ஒரே மறுமொழிதான்: "விழேல்லை, இருந்தனான்."

பிறகு வீட்டு வாசலில் ஸ்நோ வழிக்கப் போனார். தோட்டத்தில் மண்வெட்டி பிடித்த கை, இதென்ன பெரிய வேலை? குடும்ப டொக்டர் கேள்விப்பட்டுத் தடுத்துவிட்டார். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும், பிறசர் ஏறும். அந்த நேரம் பார்த்து ஈர ஸ்நோவை மூச்சைப் பிடித்துத் தூக்கி எறிந்தால் இதயம் தாங்காது, வேண்டாம் என்றார். மாமாவுக்கு உள்ளுக்குள் சந்தோசம். ஆனாலும் மருமகன் ஸ்நோ வழிக்கும்போது யன்னலுக்குள்ளே நின்று கையால் திசை காட்டுவதை டொக்டர் தடுக்கவில்லை.

ஆக, மிஞ்சியது மோல். 1973இல் திறந்த ஸ்காபரோ ரவுண் சென்ரரில் கடைகள் திறக்க முன்னரே நடக்கிற ஆட்கள் வந்துவிடுவார்கள். ஸ்காபரோ ரயில் 2023 யூலையில் தடம்புரண்டு, அதோடு நிரந்தரமாக நின்றுபோனதால் மாமா இப்போது பஸ்ஸில் வருகிறார். மோல் உள்ளே கோயில் உள்வீதி மாதிரி. கூரை இருக்கு, தரை சமம், வழுக்காது. மாமாவும் அப்படியே நினைத்துக்கொண்டு வலமாகத்தான் சுற்றுவார். சீனத்து அம்மாக்கள் எதிர்ப்பக்கமாக வருவார்கள், சிலர் பின்பக்கமாக நடந்துகொண்டும் கைதட்டிக்கொண்டும். ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் சந்திப்பு, இரண்டு தரமும் தலையாட்டல். மூன்று வருடமாக ஒரு சொல் பேசாத நட்பு. கைதட்டலை மட்டும் மாமா அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். வீட்டில் கேட்டால், "இது எங்கட சித்தர்மார் சொன்னது."

உள்ளே வந்ததும் வியர்க்கும். ஜக்கெற்றைக் கழற்றி இடது தோளில், மேடையில் போர்த்திய பொன்னாடை மாதிரிப் போட்டுக்கொள்வார். தொப்பி பொக்கற்றுக்குள். மப்ளர் மட்டும் கழுத்திலேயே இருக்கும். மாமிக்குத் தெரிந்தவர்கள் யாராவது கண்டு சொல்லிவிடக் கூடும்.

போன வருடம் எனக்கும் டொக்டர் நடக்கச் சொன்னதால் மாமாவோடு சேர்ந்துகொண்டேன். முதல் நாளே எனக்கு விதிமுறை சொன்னார்: "தம்பி, நடக்கேக்க கதைக்க ஏலும், ஆனா பாட ஏலாது. அந்த ஸ்பீட்தான் சரியான ஸ்பீட்." இது டொக்டர்கள் உண்மையாகவே சொல்கிற அளவுகோல். மாமா முதற் பாதியை உயிராகக் கடைப்பிடிக்கிறார். பாட்டுப் பக்கம் அவர் போவதில்லை; போனாலும் ஒரு முழுக் கீர்த்தனை பாடி முடிக்கலாம், அப்படியொரு வேகம். அதைவிட, முக்கியமான வசனம் எதையும் அவரால் நடந்துகொண்டு சொல்ல முடியாது. "நீர் ஒண்டு விளங்கிக்கொள்ளும்" என்றால் நிற்க வேண்டும். "எழுபத்தேழாம் ஆண்டு எலெக்சன்ல என்ன நடந்தது?" என்றால் திரும்பி, முகத்துக்கு முகம் நிற்க வேண்டும். மூன்று சுற்றுக்கு எங்களுக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் எடுத்தது.

ஆனால் கையிலே மகள் கட்டிவிட்ட மணிக்கூடு வேறு கணக்குச் சொன்னது. கை ஆடினால் அதற்கு அது அடி. எழுபத்தேழாம் ஆண்டைப் பற்றி நின்ற நிலையில் விளக்கியதில் மட்டும் அறுநூறு அடி ஏறியிருந்தது. "பார்த்தீரே?" என்று கையை நீட்டிக் காட்டினார். நான் வாதாடவில்லை. வாதாடியிருந்தால் அவருக்கு இன்னும் இருநூறு கிடைத்திருக்கும்.

வாரத்துக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருப்பது அவருக்குத் தெரியும். அதில் ரிம் ஹோர்ட்டன்ஸ் வரிசையில் நிற்கும் நேரமும் சேர்த்தி. பையில் மாமி தந்த மல்லிக்கோப்பி பிளாஸ்கோடு இருக்கும். கையில் டபிள் டபிள், அதாவது இரண்டு கிறீம், இரண்டு சீனி. "நடந்ததில ரெண்டு சீனி கழிஞ்சிருக்கும். கணக்குச் சரி." உணவுக் கூடத்தில் நாலு மேசை இணைத்து மற்ற மாமாக்கள் காத்திருப்பார்கள். ஒருவர் வராவிட்டால் உடனே போன் போகும். இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் ஆளே வீட்டுக்குப் போகும். மாரியில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிற ஊரில், பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போன வீட்டில், யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்காமல் இருக்க அவர்கள் கண்டுபிடித்த வழி இது. கால் நடக்குதோ இல்லையோ, ஆள் வந்தாரா என்பதுதான் அங்கே எடுக்கிற இடாப்பு.

சித்திரை பிறந்து ஸ்நோ கரையும். ஊரே அரைக் காற்சட்டையோடு பூங்காவுக்கு ஓடும். அன்றோடு மாமாவின் நடை நிற்கும்.

"வெளியில வெயில், தம்பி. மோலுக்குள்ள ஏசி, குளிருது."

ஆவணி முடியும்வரை கராஜ் வாசலில் கதிரை போட்டு, சாடியில் நிற்கிற கறிவேப்பிலைக்குக் காவல் இருப்பார். மாமி மரக்கறிக் கடை வரைக்கும் நடந்துவிட்டு வரச் சொன்னால், மருமகன் வேலையால் வரட்டும், காரில் போகலாம் என்பார். ஐப்பசியில் முதல் உறைபனிக்குப் பயந்து கறிவேப்பிலைச் சாடி வீட்டுக்குள்ளே வரும். அதைத் தூக்கி வைத்த கையோடு மாமா அலுமாரிக்கு அடியிலிருந்து சப்பாத்தை எடுத்துத் தூசி தட்டி, பேரனைக் கூப்பிடுவார்.