வாதி: சிவலிங்கம்

அறிவியல் புனைகதை எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கி.பி. 3000-த்தில் சிலைகள் தங்கள் உரிமை கேட்டு வழக்காடுவதாக நாவல் எழுதிச் சிரமப்பட வேண்டாம். லண்டன் நீதிமன்றம் அதை 1980-களிலேயே பார்த்துவிட்டது.

தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976-ல் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்த நடராசர், பாஸ்போர்ட் இல்லாமல் சீமைக்குப் போனார். 1982-ல் ஒரு கனடா நிறுவனம் அவரை இரண்டரை லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. மெருகேற்ற பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பிய இடத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டது. அவரைக் கேட்டு வந்தவர்களில், பாழடைந்த கோயிலில் கிடந்த சிவலிங்கமும் ஒருவர். நீதிபதி முகம் சுளிக்காமல் அவரையும் வழக்கில் ஒரு தரப்பாக ஏற்றுக்கொண்டார். குறுக்கு விசாரணையில் ஒரு வார்த்தைகூட உளறாத கட்சிக்காரர் எந்த வக்கீலுக்கு வாய்க்கும்? சாட்சிகளோ சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும்.

1991-ல் வென்று தாயகம் திரும்பினார் நடராசர். நேரே பத்தூர் கோயிலுக்கா? அவசரப்படாதீர்கள். திருவாரூர் சிலைக் காப்பகத்தில், பல ஆண்டுகள், பத்திரமாக, பூட்டுக்குள். இந்த இரண்டாம் பாகத்துக்குச் சிவலிங்கம் இன்னும் வக்காலத்தில் கையெழுத்துப் போடவில்லை.