பாருக்குப் போன மகன் எழுதிக்கொள்வது

இன்வெர்னஸ்,
ஸ்கொட்லாந்து.

அன்புள்ள அம்மாவுக்கு,

தங்கச்சி இதை வாசிச்சுக் காட்டும்போது பக்கத்துல அப்பா இருந்தா, அவரை முதல்ல கடைக்கு அனுப்பிடுங்க. இல்ல, வேணாம். கடைக்குன்னு சொன்னா எந்தக் கடைக்குப் போவாருன்னு நமக்குத் தெரியும். கோழிக்கூட்டைப் பார்த்துட்டு வரச் சொல்லுங்க.

விசயம் இதுதான். போன சனிக்கிழமை நான் பாருக்குப் போனேன். அடுப்படியை விட்டு எழும்பாதீங்க, முழுசாக் கேளுங்க.

முதியோர் இல்லத்துல என்கூட வேலை செய்யிற அக்கா, ஊருக்குப் போறேன் வர்றியான்னு கேட்டாங்க. அவங்க ஊர் ஸ்கைன்னு ஒரு தீவு. தீவுன்னாலும் 1995ல பாலம் போட்டாச்சு. கார்ல மூணு மணித்தியாலம். பாதி வழி நம்ம ஹப்புத்தளை மாதிரி மூடுபனி. மீதி வழி அதே மூடுபனிக்குள்ள ஆடு. நடு ரோட்டுல படுத்துக்கிட்டு, ஹோன் அடிச்சா நம்மளத்தான் முறைக்குது.

போய்ச் சேர்ந்தது ஸ்டைன்னு ஒரு மீனவக் கிராமம். கடலோரமா வெள்ளையடிச்ச வீடுங்க வரிசையா நின்னுச்சு. "அட, நம்ம தோட்டத்து லயம்!"னு கத்திட்டேன். பெரிய தப்பும் இல்ல. 1790 வாக்குல மீன்பிடிச் சங்கம் ஒண்ணு சனங்களைக் குடியேத்தப் போட்ட திட்டமாம் இது. டெல்ஃபோர்ட்னு பேர்போன இஞ்சினியர் படம் வரைஞ்சு கொடுத்தும் பாதியில படுத்துடுச்சு. தவறணை மட்டும் நிலைச்சிடுச்சு. எந்த நாட்டுலயும் அதுதான் நிலைக்கும் போல. 'ஸ்டைன் இன்'னு பேர், தீவுலயே ஆகப் பழசு.

நம்ம டவுன் வைன் ஸ்டோர்ல கம்பிக்கூட்டுக்குள்ள இருந்து ஒரு கை போத்தலை நீட்டும், வெளியில இருந்து ஒரு கை காசை நீட்டும். வாங்கினவன் பேப்பர்ல சுத்தி சாரத்துல சொருகிக்கிட்டு, கடன்காரனைக் கண்ட மாதிரி நடப்பான். இங்க கம்பியே இல்லம்மா. கணப்பு எரியுது, அதுக்கு முன்னால ஒரு நாய் காலை நீட்டிப் படுத்திருக்கு. பக்கத்துல ஒரு பாட்டி கம்பளி பின்னுது. ஒரு அம்மா பிள்ளைக்கு மீனும் கிழங்கும் ஊட்டுது. சம்பள நாள்ல என்னைத் தவறணைக்கு அனுப்புவீங்களே, நானும் உள்ள போகப் பயந்து வாசல்ல நின்னு "அப்பா, சோறு ஆறுது!"ன்னு கத்துவேனே? இங்க அந்த வேலைக்கு ஆளே தேவையில்ல. கத்த வேண்டியவங்க எல்லாரும் உள்ளதான் உக்காந்திருக்காங்க.

இறால் கூடை போடுற கிழவர் ஒருத்தர் பேச்சுக்கொடுத்தார். பிடிக்கிற பெரிய இறாலெல்லாம் ஸ்பெயினுக்கு லொறி ஏறிடுதாம். நல்ல தேயிலையை அனுப்பிட்டு டஸ்டைக் குடிக்கிற நம்ம கதைதான். எந்த ஊருன்னு கேட்டார். ஹாலிஎலன்னேன். மூணு தரம் சொல்லிப் பார்த்துட்டு விட்டுட்டார். கிளன் அல்பின் தோட்டம்னதும் நிமிர்ந்து உக்காந்தார். கிளன்னா அவங்க கேலிக் பாஷையில பள்ளத்தாக்காம். இத்தனை வருசமா நாம வீட்டுல கேலிக் பேசியிருக்கோம்! 1867ல லூல்கந்துரையில தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் உங்க நாட்டாளுதான்னு நான் சொல்ல, எங்க சனத்தையும் செம்மறியாடு வளர்க்கணும்னு துரைமாருதான் காணியை விட்டு விரட்டினாங்கன்னு அவர் சொல்ல, கண்ணு கலங்கிடுச்சு மனுசனுக்கு. துக்கமா விஸ்கியான்னு தெரியல.

அந்த விஸ்கி டாலிஸ்கர். 1830ல இருந்து இதே தீவுல வடிக்கிறாங்க. மோந்து பார்த்தேன், மோந்து மட்டுந்தான். ஈர விறகை ஊதி ஊதி எரிய வச்ச அடுப்புப் புகை வாசம். பக்கத்துக் காம்பரா ஆயா ஞாபகம் வந்துச்சு.

ஒரு நட்டம் மட்டும் சொல்லணும். இங்க ரவுண்டுன்னு ஒரு வழக்கம், மொய் மாதிரி. ஒருத்தர் எல்லாருக்கும் வாங்கினா, அடுத்த தரம் நம்ம முறை. நான் குடிச்சது ஒரே ஒரு ஒரேஞ் ஜூஸ். கட்டினது இருபது பவுண். அந்தக் காசுக்கு நீங்க நாலஞ்சு நாள் கொழுந்தெடுக்கணும். ஜூஸ் தொண்டையில இறங்கல.

அப்பாவுக்கு இதை முழுசாப் படிச்சுக் காட்ட விடாதீங்க. பொம்பளைங்களும் நாயும் கூட வர்ற இடம்னு எழுதியிருக்கேனே, அது காதுல விழுந்துச்சுன்னா சம்பளத்தன்னைக்கு உங்களையும் நம்ம நாய் மணியையும் கூட்டிக்கிட்டு டவுனுக்குக் கிளம்பிடுவார்.

அடுத்த கிழமை காசு போடுறேன்.

இப்படிக்கு,
ஜூஸ் மட்டும் குடித்த உங்கள் மகன்